பதினேழு காலி வட்டங்கள்

நீதிமன்றத்துக்கு எதிர்க் கடையில் பத்தொன்பது வருடமாக மனு தட்டச்சு செய்கிறவருக்கு வக்கீல்கள் வைத்த பெயர் டைப் அக்கா. கட்சிக்காரர் சொல்லாத எதையும் அவர் அடிக்கமாட்டார். தேதி தெரியவில்லை என்றால் அந்த இடம் காலியாகவே போகும். யாரோ உத்தேசமாகப் போட்ட ஒரு தேதியால் வழக்கே கவிழ்ந்ததைப் பார்த்தவர்.

நாற்பதாவது வயதில் அவரே சட்டம் படிக்கக் கிளம்பினார். உள்ளூர் மாலைக் கல்லூரியில் நாற்பது தாண்டினால் சேர்க்கமாட்டார்கள். இந்த வருடம் விட்டால் விட்டதுதான். எதற்கும் இருக்கட்டும் என்று, தங்கை வேலை பார்க்கும் நாட்டின் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கும் விண்ணப்பித்தார்.

பஸ் ஓட்டும் கணவர்தான் வீட்டில் விடைத்தாள் திருத்துவார். வெளிநாட்டு மாதிரித் தேர்வில் பதினேழு வட்டங்கள் நிரப்பாமல் கிடந்தன.

“தப்புக்கு மார்க் குறைக்க மாட்டோம்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கான். ஏன் சும்மா விட்டே?”

“தெரியாததை எழுதினா கையெழுத்து போட்டவன்தானே மாட்டிக்குவான்?”

“இங்க கையெழுத்து போடறவளும் நீதான், தாயே.”

அன்றிலிருந்து கையைப் பழக்கினார். விடை தெரியாத கேள்வி என்றால் யோசிக்காமல் இரண்டாவது வட்டம். வெளிநாட்டுத் தேர்வில் ஒன்றுகூடக் காலியில்லை. ஆனால் பழகின கை நிற்குமா? அடுத்த வாரம் உள்ளூர்த் தேர்விலும் அது கடகடவென்று ஓடிவிட்டது. முடிய இருபது நிமிடம் இருக்கும்போதுதான் உறைத்தது. இங்கே ஒரு தப்பு ஒரு சரியைத் தின்றுவிடும்.

எது தெரிந்து போட்டது, எது தெரியாமல் போட்டது என்று குறித்து வைக்கவில்லை. தெரியாமல் போட்டதெல்லாம் இரண்டாவது வட்டத்தில்தான் இருக்கும் என்று, அவற்றை மட்டும் தேடித் தேடி மறுபடி படித்தார். சந்தேகமானதை ரப்பரால் அழித்தார். ஒன்பது அழிந்தபோது மணி அடித்துவிட்டது. நாலைந்தைப் பார்க்காமலே தாளைக் கொடுத்தார்.

வெளிநாட்டிலிருந்து இடமில்லை என்று பதில் வந்தது. உள்ளூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தவர்கள் பட்டியலில் கடைசி எண்ணுக்கு ஒன்று மேலே அவர் எண் இருந்தது.

கணவருக்குப் போன் செய்தார். பஸ் நிலையத்து இரைச்சலில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

“அப்ப சாயங்காலம் சமையல் யாரு?” என்றார் அவர்.

“மூணு வருஷத்துக்கு நீங்க.”

மறுநாளே கணவர் டிப்போவில் காலை ஷிப்டு கேட்டு எழுதிக் கொடுத்தார்.