விமலா அக்கா வேண்டாம் என்று சொன்ன கழகம்

உலகத்திலேயே பெரிய காற்பந்துக் கழகம் எது என்று யாராவது கேட்டால் ஐரோப்பா பக்கம் கையைக் காட்டாதீர்கள். அது மலேசியாவில், நெகிரி செம்பிலானில், பெடாஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம் உள்ளே போனால், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. எங்கள் திடலில் கோர்னர் அடித்தால் பந்து அடுத்த மாநிலத்தில் விழும். எங்கள் ரசிகர்கள் கைதட்டினால் சிரம்பானில் நிற்கிற கார்கள் கத்தும். இந்தக் கழகத்தை வாங்க அரபு நாட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், விலையைக் கேட்டார்கள், பஸ் பிடித்துத் திரும்பிப் போனார்கள்.

உறுப்பினர்கள் பதினான்கு பேர். இரண்டு பேருக்கு முட்டி சரியில்லை. ஏழு மாடுகளும் உண்டு. அவை சந்தா கட்டுவதில்லை, ஆனால் பயிற்சிக்கு எங்களைவிட ஒழுங்காக வரும்.

இந்தக் கழகத்தின் மேலாளர் விமலா அக்கா. இதை எழுதச் சொன்னவரும் அவர்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கழகக் கூட்டத்தில் நானே நின்று இதை வாசிக்க வேண்டும். மந்தின் ஊர்க் குழுவையும் கூப்பிட்டிருக்கிறார், அவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்து எழுது என்றார். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் கட்டுரை கேட்பது நியாயமா என்று கேட்டேன். லெட்டர் மட்டும் நன்றாக எழுத வருதே என்றார். பேனாவை எடுத்தேன்.

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். கல்யாணம் ஆகவில்லை என்று எழுதினால் திட்டுவார். எழுதாவிட்டால் யாராவது கூட்டத்திலேயே எழுந்து சொல்லுவார்கள், அதனால் எழுதிவிட்டேன். இன்றுவரை அவர் பந்தை ஒரு முறைகூட உதைத்ததில்லை. உருண்டு வந்தால் குனிந்து கையால் எடுத்துக் கொடுப்பார். எங்கள் ஜெர்சியைத் துவைத்ததும் இல்லை. வேர்த்தவன்தான் துவைக்கணும் என்பது அவர் போட்ட சட்டம்.

வேலை சுங்கை காடுட்டில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். இருபது வருஷமாக மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே அரிசியைவிடச் சின்ன சாமான்களைப் பார்த்து, கீறல் இருந்தால் தனியே எடுத்து வைக்கிறார். வேலை முடிந்து வரும்போது அந்தக் கண்ணை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியாது. போன வருஷம் ஓர் ஆட்டத்தில் எதிரணி இரட்டையர்களில் ஒருவனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, பாதி ஆட்டத்துக்குப் பிறகு மற்றவனை இறக்கியது. பெற்ற அம்மாவே திடலோரம் நின்று பெயரை மாற்றிக் கத்திக்கொண்டிருந்தார். அக்கா நடுவரிடம் போய், முதல் பாதியில் ஓடினவனுக்கு வலது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது, இவனுக்கு இல்லை, ஒன்று தழும்பு ஆறியிருக்கணும், இல்லையென்றால் ஆள் மாறியிருக்கணும் என்றார். அந்த நடுவர் இப்போதும் எங்கள் ஆட்டத்துக்கு வந்தால் முதலில் அக்காவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் விசிலை வாயில் வைப்பார்.

அவர் மேலாளர் ஆனது ஒரு விபத்து. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பழைய செயலாளர் ஜொகூருக்குக் குடிபோய்விட்டார். லீக் படிவத்தில் கையெழுத்துப் போட அன்று சாயங்காலம் ஐந்து மணிதான் கடைசி. கழகக் கொட்டகையில் இருந்த ஆண்கள் எல்லாரும் அடுத்தவன் போடட்டும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பியின் பூட்ஸைக் கொடுக்க வந்த விமலா அக்கா மணியைப் பார்த்தார், பேனாவை வாங்கினார், கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் 'தற்காலிகம்' என்று எழுதினார். தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகும் அக்கா கழகத் தாள் எதில் கையெழுத்துப் போட்டாலும் பக்கத்தில் தற்காலிகம் என்று எழுதிவந்தார்.

இனி என் கதை.

தலைநகரில் மேல்நிலை லீக்கில் ஆடுகிற ஒரு பெரிய கழகம் இருக்கிறது. பெயரை எழுதினால் அவர்கள் வழக்குப் போடுவார்கள். அந்தக் கழகத்தின் சின்னத்தை இணையத்திலிருந்து எடுத்து, நல்ல மலாயில் ஒரு கடிதம் தயாரித்து, பெடாஸில் இருக்கிற அச்சுக்கடையில் கலரில் அடித்தேன். உங்கள் புகழ்பெற்ற திடலில் வருகிற சனிக்கிழமை மாலை நான்கரைக்கு நட்பு ஆட்டம் ஆட விரும்புகிறோம், பிடித்துப்போனால் உங்கள் குழுவுக்கு ஜெர்சியும் பூட்ஸும் தருவோம், இப்படிக்குத் துணை மேலாளர். எங்கள் தலைவர் முனியாண்டி மாமா மாலையோடு ரோட்டில் நின்று வராத பஸ்ஸைப் பார்க்கிற காட்சியை வீடியோ எடுப்பதுதான் திட்டம். திங்கட்கிழமை கடிதத்தைக் கொட்டகைக் கதவில் செருகிவிட்டு வந்தேன்.

ஒருவராவது சந்தேகப்படுவார் என்று நினைத்தேன். யாரும் படவில்லை. முனியாண்டி மாமா லோரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். அரை மணி நேரத்தில் கோல் கம்பத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் வந்தது. ஆறடி பேனருக்குச் சொல்லியாயிற்று, அதில் நாலடி அவர் முகம். எங்கள் முன்னணி ஆட்டக்காரன் ஹேமநாதன் தலைமுடியை ஒரு பக்கம் மழித்துக்கொண்டு வந்து, வேலையை விடலாமா என்று என்னிடமே யோசனை கேட்டான். நான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. திருப்பி மூடிக்கொண்டேன்.

செவ்வாய் மாலை பயிற்சிக்கு அக்கா தொழிற்சாலைச் சட்டையோடு வந்து மோட்டாரை நிறுத்தினார். எல்லாரும் உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தோம்.

"சனிக்கிழமை மந்தின் வர்றாங்க. அவங்களுக்கு வாக்குக் கொடுத்தாச்சு. பெரிய கழகத்துக்கு முடியாதுன்னு சொல்லிடுவோம்" என்றார்.

மாடுகூட அசை போடுவதை நிறுத்தியது. எனக்கு வந்த அதிர்ச்சியை எப்படிச் சொல்லுவது என்று தெரியவில்லை. குண்டு வைத்தவன் பக்கத்திலேயே நிற்கிறான், வேறு யாரோ வந்து சாவகாசமாக அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறார், அந்த மாதிரி.

மந்தின் விஷயம் இதுதான். லீக்கில் மூன்று முறை ஆள் சேராத குழுவை நீக்கிவிடுவார்கள். மந்தின் பையன்கள் எல்லாரும் ஷிப்ட் வேலைக்காரர்கள், ஏற்கனவே இரண்டு முறை ஆள் சேரவில்லை. இரண்டு முறையும் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார்கள், எதிரணிகள் முடியாது என்று சொல்லி ஆடாமலே மூன்று புள்ளியை வாங்கிக்கொண்டு போயின. மூன்றாவது ஆட்டம் எங்களோடு. அவர்கள் மேலாளர் சிவானந்தன் சார் அக்காவிடம் கேட்க, அக்கா சரி என்று இந்தச் சனிக்கிழமையைக் கொடுத்திருந்தார். லீக் எங்களுக்கு வேறு தேதி தராது. நான் கடிதத்தில் அதே சனிக்கிழமையை எழுதியது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டகையில் அவசரக் கூட்டம். அக்காவை மேலாளர் வேலையிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்பதுதான் விஷயம். நான் கடைசியாகப் போனேன். பதினான்கு பேரும் வந்திருந்தார்கள். எங்கள் கழக வரலாற்றில் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் ஓர் இடத்துக்கு வந்தது அன்றுதான்.

முனியாண்டி மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"பெரிய கழகம்னா என்னான்னு உனக்குத் தெரியுமா, விமலா? அவனுங்க ஜெர்சிய நம்ம பையன் காசு குடுத்து வாங்கிப் போட்டுக்கிட்டுப் பாசாருக்குப் போறான்லா. நம்ம ஜெர்சிய நம்ம பையனே வெளிய போட வெக்கப்படறான். அவ்வளவுதான் வித்தியாசம். நாப்பது வருசத்துல இப்பதான் ஒருத்தன் நம்மளத் திரும்பிப் பாத்திருக்கான்."

ஹேமநாதன், எத்தனை கிண்ணம் ஜெயித்திருக்கிறது என்பதுதான் கணக்கு என்றான். முட்டி சரியில்லாதவர்களில் ஒருவர், டிவியில் வருகிற கழகம்தான் பெரியது என்றார். பின்னாலிருந்து யாரோ, ஒரு பொம்பளை கையில் கொடுத்தால் இப்படித்தான் என்றார்கள். யார் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா கழக ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"முன்னாடி ரெண்டு குழுவும் மந்தினுக்கு முடியாதுன்னுட்டாங்க. நாம ஒருத்தர்தான் சரின்னு சொன்னோம். இப்ப நாமளும் முடியாதுன்னா அவங்களுக்கு லீக்கே இல்ல. அங்க போயி கேட்டுப் பாருங்க மாமா, எது பெரிய கழகம்னு. நம்ம பேரத்தான் சொல்லுவாங்க."

அது நல்ல பேச்சு என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் நல்ல பேச்சுக்கு யாரும் பூட்ஸ் கொடுக்க மாட்டார்கள். முனியாண்டி மாமா தொண்டையைச் செருமி, நாளைக்கு மந்தின் ஆட்டம் முடியட்டும், அதோடு விமலாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வேறு ஆள் பார்க்கலாம் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். எழுந்த வேகத்தில் என் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் ஒரு விசயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அக்கா என் பக்கம் பார்த்து, "சசி, உக்காரு. உன்னை யாரும் கேக்கல" என்றார். அந்தக் குரலுக்கு மேல் பேச முடியாது. உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்தது. ஒன்பது வருஷத்துத் தற்காலிகம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. அக்கா ஃபைலை முனியாண்டி மாமாவிடம் கொடுக்கப் போனார், ஆட்ட அறிக்கைத்தாள் உள்ளே இருப்பது ஞாபகம் வந்து, நாளைக்குத் தருகிறேன் என்று திரும்ப வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை ஹேமநாதனும் இன்னும் நாலு பேரும் வரவில்லை. எங்களில் ஒன்பது பேர். மந்தினிலிருந்து ஒரு வேன் வந்தது, அதிலிருந்து எட்டு பேர் இறங்கினார்கள். எட்டாவது ஆள் இரவு ஷிப்ட் முடித்து வேனில் தூங்கி வந்தவன், பூட்ஸை வலது இடது மாற்றிப் போட்டிருந்தான். ஏழு பேர் இருந்தால் ஆட்டம் செல்லும். இரண்டுக்கு இரண்டு. எங்கள் பக்கம் கோல் காத்தவன் நான், அவர்கள் அடித்த இரண்டும் என் காலுக்கு நடுவில் போயின. அன்று என் புத்தி கோல் கம்பத்தில் இல்லை. விசில் ஊதியதும் மந்தின் பையன்கள் கிண்ணம் வாங்கின மாதிரி ஒருவன்மேல் ஒருவன் விழுந்தார்கள். சிவானந்தன் சார் அறிக்கைத்தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்காவிடம் வந்தார். அக்கா கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் தற்காலிகம் என்று எழுதவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

வேன் போனபிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சசி, அந்தப் பெரிய கழகத்துக்கு ஒரு பதில் எழுதணும். நம்மளால ஆட முடியலன்னு."

"நானா அக்கா?"

"மொத லெட்டரும் நீதானே எழுதினே."

என் கையுறை ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவும் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்திலேயே அக்கா அந்தக் கழகத்து அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறார். அப்படி ஒரு துணை மேலாளர் எங்களிடம் இல்லை என்றார்களாம். வருகிற வழியில் பெடாஸ் அச்சுக்கடையில் நிறுத்திக் கேட்டிருக்கிறார். கடைக்கார அம்மா என் பெயரையும், நான் இன்னும் கொடுக்க வேண்டிய ஐம்பது சென் பாக்கியையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் செவ்வாய்க்கிழமையே எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே நாலு நாள் எல்லார் வாயிலும் விழுந்திருக்கிறார். கழகத்தையே விட்டுக் கொடுத்திருக்கிறார். ஏன் அக்கா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"செவ்வாக்கிழமை சொல்லியிருந்தா உன் காலை ஒடச்சிருப்பானுங்க. சனிக்கிழமை கோல் யாருடா நிக்கிறது?" என்றார். பிறகு, "நீ நின்னதுக்கு மாட்டையே நிப்பாட்டியிருக்கலாம்" என்றார்.

எனக்கு இன்னொரு சந்தேகம். நிஜமாகவே அந்தக் கழகம் வருகிறேன் என்று சொல்லியிருந்தால், அப்போதும் மந்தின்தான் என்று சொல்லியிருப்பீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை அதோடு முடித்திருப்பேன்.

அவர் கீழே கிடந்த என் கையுறையை எடுத்து நீட்டினார். "அவங்கள ஞாயித்துக்கிழமை வரமுடியுமான்னு கேட்டிருப்பேன்லா" என்றார். "பூட்ஸ் வேணாம்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

அதற்குப் பிறகுதான் இந்தத் தண்டனை. வாயால் சொன்னால் நீ எல்லாரையும் சிரிக்க வைத்துத் தப்பித்துவிடுவாய், அதனால் எழுது என்றார். எழுதி முடித்து, நேற்று தொழிற்சாலை வாசலில் ஓய்வு நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றே வாசித்தார். மாடு பற்றிய இடத்தில் சிரித்தார். இரட்டையர் இடத்தில் தலையை ஆட்டினார். கல்யாணம் இடத்தில் என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார்.

"நாற்காலி விழுந்துச்சா?"

"ஆமா அக்கா."

"எந்த நாற்காலிடா? பெஞ்சுல நாலு பேரு உக்காந்திருந்தீங்க. நீ நடுவுல."

அடித்துவிட்டுச் சரியாக எழுதித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். தாளைக் கொடுக்கவில்லை. அடிக்காதே, அப்படியே இருக்கட்டும், கீழே நான் சொல்வதையும் சேர்த்து எழுது என்றார். அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இதையும் வாசிப்பேன்.

"உன்னை நான் உக்காரச் சொல்லவே இல்ல. நீ எந்திரிக்கவே இல்ல. தலையைக் குனிஞ்சு காலைப் பாத்துக்கிட்டிருந்தே. அவ்வளவு நேரமும் நான் உன்னையேதான் பாத்துக்கிட்டிருந்தேன் சசி, இப்ப எந்திரிப்பே, இப்ப எந்திரிப்பேன்னு."