அம்மாவின் கை அளவுக்கு ஒரு துப்பாக்கி

எங்கள் வீட்டில் துப்பாக்கி வாங்க வேண்டும் என்று சொன்னது அம்மாதான். குக்கர் விசில் அடித்தாலே திடுக்கிடுகிற அம்மா.

அப்போது நாங்கள் டெக்சாஸில், டல்லாஸை ஒட்டிய காப்பெலில் இருந்தோம். தொண்ணூற்றேழாம் வருடம். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. அப்பாவுக்கு கன்சல்டிங் வேலை. திங்கட்கிழமை காலை விமானம் ஏறினால் வியாழக்கிழமைதான் திரும்புவார். நடுவில் இருந்த நாட்களுக்கு அம்மாதான் வீட்டுக்கு எல்லாம்.

ஒருநாள் பள்ளிவிட்டு வந்தபோது கொல்லைப்பக்கத்துக் கண்ணாடிக் கதவு நொறுங்கிக் கிடந்தது. டிவியைக் காணோம், விசிஆரைக் காணோம். சமையலறைத் தரை முழுக்க அரிசி. அரிசி டப்பாவைக் கவிழ்த்து, அதற்குள் அம்மா ஒளித்துவைத்திருந்த வளையல்களை எடுத்துப்போயிருந்தார்கள். நம்மவர்கள் நகையை எங்கே வைப்பார்கள் என்பது தெரிந்த திருடன்தான். அம்மா வளையலுக்காக அழவில்லை. தம்பியின் கட்டில் விரிப்பில் ஒரு பெரிய ஷூ தடம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா போனில், "அலாரம் போட்டுக்கலாம்" என்றார்.

"அலாரம் அடிக்குமுங்க. அடிச்சதுக்கப்பறம் நான் என்ன பண்றது? நீங்க சிகாகோல இருப்பீங்க."

அம்மா துப்பாக்கி என்றதும் அப்பாவிடம் நிறைய பதில் இருந்தது. புள்ளைங்க இருக்கிற வீடு, கோயில்ல நாலு பேர் என்ன சொல்லுவாங்க, உனக்கு அதைத் தூக்கவே முடியாது. கடைசியில் சொன்னதுதான் அம்மாவுக்குக் கோபம். அவள் நாலடி பத்து அங்குலம்.

பக்கத்து வீட்டில் மிஸ் ஜூன் தனியாக இருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், ஆறடி உயரம். திருட்டு நடந்த அன்று யாரும் கேட்காமலேயே டிரில்லோடு வந்து, உடைந்த கதவில் பலகை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனவர். அம்மா அவரிடம் யோசனை கேட்டாள். சனிக்கிழமை என்னோடு வா என்று மட்டும் சொன்னார்.

அப்பா தன் எதிர்ப்பைக் காட்ட, அந்தச் சனிக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு லைப்ரரிக்குப் போய்விட்டார். நான் மொழிபெயர்ப்பாளராகப் போனேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வரும். டெக்சாஸ்காரர்கள் பேசுகிற ஆங்கிலம் அப்போது வராது.

கடையில் எடுத்துக்கொடுத்த ஒவ்வொரு துப்பாக்கியும் அம்மாவுக்கு நீளமாக இருந்தது. தோளில் வைத்தால் விசைக்கு விரல் எட்டவில்லை. விரல் எட்டினால் பின்கட்டை அக்குளுக்குப் போனது. துப்பட்டா வேறு இடைஞ்சல். கழற்றி என்னிடம் கொடுத்தாள். கடைக்காரர் பெரியவர். அவர் அளவுநாடாவை எடுத்து, அம்மாவின் முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரைக்கும் அளந்தார்.

"ரவிக்கைக்கு அளவெடுக்கற மாதிரியே இருக்குது" என்றாள் அம்மா.

என்ன சொல்கிறார் என்று அவர் கேட்டார். உங்களைத் தையல்காரர் என்கிறாள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சரியாகத்தான் சொல்கிறார், உடம்புக்குப் பொருந்தாத துப்பாக்கி பயத்தில் எங்கேயாவது சுடும் என்றார். சின்ன ரகத் துப்பாக்கி ஒன்றின் கட்டையை ஒன்றரை அங்குலம் அறுத்து, நுனியில் ரப்பர் மெத்தை வைத்துத் தந்தார். அம்மா அதைத் தோளில் வைத்துப் பார்த்தபோது, இந்த நாட்டில் அவள் அளவுக்கென்றே செய்யப்பட்ட முதல் பொருள் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று சனிக்கிழமைகள் மிஸ் ஜூன் தன் பிக்கப் வண்டியில் அம்மாவைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனார். முதல் நாள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு "முருகா" என்று சுட்டாள். மூன்றாவது வாரம் முருகனைக் கூப்பிடவில்லை. தோள் மட்டும் கன்றி நீலமாகியிருந்தது. அப்பா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். பிறகு தைலத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

அதுவரை மிஸ் ஜூன் வீட்டிலேயே இருந்த துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் அவர் வந்தார். எங்கே மாட்டுவது என்று காட்டுவார் என நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, குழந்தைகள் எங்கே தூங்குகிறார்கள் என்பது.

அம்மாவைப் படுக்கையறை வாசலில் நிறுத்தி, மாப்புக் கட்டையைத் துப்பாக்கிபோலப் பிடிக்கச் சொன்னார். அது குறிவைத்த திசையிலேயே காரிடாரில் நடந்துபோய், கோடியில் இருந்த சுவரை விரல் முட்டியால் தட்டினார். டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தது. இது சுவர் இல்லை, அட்டை, தோட்டா துளைத்துக்கொண்டு போகும். இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றார்.

தம்பியின் தலையணை இருந்தது.

அம்மா மாப்புக் கட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அன்று பகல் முழுக்க வீட்டையே மாற்றினோம். அம்மாவின் அறையை ஒட்டிப் பின்னால் அப்பாவின் ஆபீஸ் அறை இருந்தது. அது எங்கள் அறையானது. என் கட்டிலை மிஸ் ஜூன் ஒற்றை ஆளாக இழுத்துவந்தார். ஜன்னல் இருந்த என் பழைய அறை போனதில் நான் அவருடன் பேசவே இல்லை. அம்மாவின் அலமாரிக்குள் இரும்புப் பெட்டி ஒன்றை நான்கு திருகாணி போட்டு முடுக்கினார். பூட்டின் எண் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும்.

பிறகு பாடம். சத்தம் கேட்டால் தேடிக்கொண்டு போகாதே. குழந்தைகளைச் சேர்த்துக்கொள், கதவைப் பூட்டு, போலீசைக் கூப்பிடு. யார் என்று கத்து. பதில் வரும்வரை விரல் விசைக்கு வெளியிலேயே இருக்கட்டும். கடைசி வரியை மட்டும் அம்மாவைப் பத்துத் தடவை சொல்லவைத்தார்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை. தம்பிக்குக் காய்ச்சல். அம்மா தினமும் மத்தியானம் போகிற கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகவில்லை. நான் பள்ளியிலிருந்து வந்து பால் குடித்துக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஏதோ உரசியது. ஒரு கை கண்ணாடியை மேலே தள்ளியது.

அம்மா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். தம்பியைத் தூக்கினாள். தன் அறைக்குள் வந்து கதவைப் பூட்டினாள். போனை என் கையில் திணித்தாள். போலீசுக்கு நான் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் பெட்டியைத் திறந்தாள். முதல் தடவை எண் தப்பியது. பிறகு கட்டிலுக்குப் பின்னால் முழங்காலிட்டாள். நாங்கள் அவள் முதுகுக்குப் பின்னால். தம்பியின் காய்ச்சல் சூடு என் கையில் அடித்தது. ஜன்னல் வழியாக யாரோ குதித்தார்கள். காரிடாரில் காலடி. கதவுப்பிடி திரும்பியது.

நான் அம்மாவின் விரலைப் பார்த்தேன். அது துப்பாக்கியின் பக்கவாட்டில் பென்சில்போல நேராக நீண்டிருந்தது.

மிஸ் ஜூன் ஆங்கிலத்தில் பழக்கிய கேள்வி அம்மாவுக்கு மறந்துபோயிற்று. "யாரு? யாருன்னு சொல்லு!" என்று தமிழில் கத்தினாள்.

கதவுப்பிடி திரும்புவது நின்றது. பிறகு, "நான்தான். கதவை எதுக்குப் பூட்டியிருக்க?"

அப்பா. பிராஜெக்ட் பாதியில் நின்றுபோய், முன்னதாகவே வந்துவிட்டார். சாவிக்கொத்தை ஹோட்டலில் விட்டிருந்தார். அம்மா வகுப்பில் இருப்பாள், வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து ஜன்னல் வழியாக ஏறியிருக்கிறார்.

அம்மா தோட்டாக்களை எடுத்து, துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். அப்பா பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், காரிடாரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர்கள் வந்து, விஷயம் தெரிந்து, தம்பிக்கு ஸ்டிக்கர் பேட்ஜ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்று அப்பா ரசம் வைத்தார். உப்பு இல்லை. எல்லோரும் அப்படியே சாப்பிட்டுவிட்டோம்.

மறுநாள் அம்மா ஒரு டப்பா நிறைய கேசரி எடுத்துக்கொண்டு மிஸ் ஜூன் வீட்டுக்குப் போனாள். மொழிபெயர்க்க நானும் போனேன். ஆனால் என் உதவி தேவைப்படவில்லை. அம்மா தன் ஆங்கிலத்திலேயே நடந்ததையெல்லாம் சொன்னாள்.

விரல் எங்கே இருந்தது என்று மிஸ் ஜூன் கேட்டார்.

"வெளியில" என்று அம்மா காட்டினாள்.

குழந்தைகள்?

"எனக்குப் பின்னாடி."

மிஸ் ஜூன் வாசல்படியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள்கள் குலுங்க அழுதார். அம்மா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

நான் கல்லூரிக்குப் போனபிறகுதான் அம்மா சொன்னாள். மிஸ் ஜூனுக்கு ஒரு மகன் இருந்தான். ஒரு சாயங்காலம் தன் அம்மாவுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க, சொல்லாமல் கல்லூரியிலிருந்து பின்கதவு வழியாக வந்திருக்கிறான். உள்ளே அவன் அப்பா துப்பாக்கியோடு நின்றார். யார் என்று அவர் கேட்கவில்லை. பயிற்சிக்குப் போன முதல் சனிக்கிழமை, பிக்கப்பில் போகும்போதே மிஸ் ஜூன் இதை அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். அம்மா எங்களிடம் சொல்லவில்லை.

இன்று அப்பாவுக்கு எழுபது வயது. போனில் அவர் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்படி நினைவுக்கு வருகிறது. அன்று அங்கே நின்றுகொண்டு, ஒன்றுமே நடக்கவில்லையே, பெரியவர்கள் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று யோசித்தேன். கேசரி ஆறிப்போகிறதே என்று கவலைப்பட்டேன்.