ஆடாதோடையும் அனுமந்தன்பட்டிக் கோழிகளும்

பறவைக் காய்ச்சல் வைரசை நம் மூலிகைகள் தடுக்குமா என்று பார்ப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. வைரஸ் இருந்தது வேறு மாநிலத்தில், பல பூட்டுகளுக்குப் பின்னால். என் வேலை இலை பறிப்பது, காயவைப்பது, சாறு இறக்கி அங்கே அனுப்புவது.

ஆடாதோடைக்காக அனுமந்தன்பட்டிக்குப் போனேன். கேரளத்தில் வாத்துகளுக்கு நோய் வந்து, அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று எரித்து, குமுளிச் சாலையில் வண்டிச் சக்கரங்களுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்த வாரம் அது. பஸ் தூசிக்குப் போட்ட முகக்கவசத்தைக் கழற்ற மறந்திருந்தேன். கைகளில் ரப்பர் உறை, தோளில் பெரிய பிளாஸ்டிக் பை. வேலியோரம் ஆடாதோடை செழித்து நின்ற வீட்டில் ஓர் அக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். பறவைக் காய்ச்சல் ஆராய்ச்சிக்கு வந்திருப்பதாக முதல் வாக்கியத்திலேயே சொல்லித் தொலைத்தேன்.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தெரு நெடுகக் கதவுகள் சாத்தும் சத்தம். அதுவரை குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழிகளில் ஒன்றைக்கூடக் காணோம்.

தட்டினேன். ஜன்னலில் முகம் மட்டும் வந்தது.

“இந்தத் தெருவுல யாரும் கோழி வளக்குறதில்ல மேடம்.”

அவருக்குப் பின்னால் ஒரு சேவல் கூவியது. அவர் இருமினார். மறுபடி கூவியது. டிவி சத்தத்தைக் கூட்டினார். சேவல் அதையும் மீறிக் கூவியது.

கோழி பிடிக்க வரவில்லை, வேலியில் நிற்கும் இலை போதும் என்றேன்.

“கேரளாவுலயும் மொதல்ல சும்மா பாக்கத்தான் வந்தாகளாம்,” என்றார்.

அவர் நம்புவதற்கு அரை மணி நேரம் ஆனது. நம்பிய பிறகு அரிவாளோடு வந்து, சாக்கு நிறைய அவரே வெட்டிக் கொடுத்தார். முடிவு வந்தால் தனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று என் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

அதன்பின் வாரம் தவறாமல் போன் வரும். என் நெறியாளர்கூட அத்தனை முறை விசாரித்ததில்லை. சில மாதம் கழித்து முடிவு வந்தது. லேப்பில் வளர்த்த செல்களில் வைரஸ் மொத்தமாக அழிந்திருந்தது. செல்களும்தான். நோயும் செத்தது, நோய் பிடித்த உயிரும் செத்தது என்று அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

“கொறச்சு ஊத்திப் பாத்தியா தாயி?”

மறுநாள் நெறியாளரும் அதையேதான் கேட்டார், ஆங்கிலத்தில், நீளமாக. குறைத்துப் பார்த்தோம். செல்கள் பிழைத்துக்கொண்டன. வைரசும் சௌக்கியமாக இருந்தது.

அதையும் அக்காவிடம் சொன்னேன். கொல்லையில் நொச்சி நிற்கிறது, வந்து வெட்டிக்கொண்டு போ என்றார். போனேன். நொச்சி ஏதோ கொஞ்சம் தடுத்தது. மருந்தாகும் அளவுக்கு இல்லை, ஆய்வேட்டை முடிக்கும் அளவுக்கு.