மேட்டை வெட்டாமல் வைத்த தொண்ணூறு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துச் சாலையை அகலப்படுத்தியபோது நான்தான் டிசைன் இன்ஜினியர். பால்மரங்களை அழித்துப் புதுக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு வளைவை மட்டும் பழையபடியே விட்டிருந்தார்கள். அதன் உள்பக்கம் மண்மேடு. ஓட்டுகிறவர் கண்ணுக்கு எண்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டரில் வரும் வண்டி பிரேக் பிடித்து நிற்க அதைப்போல இரண்டு மடங்கு தூரம் வேண்டும். அறுபதுக்கு மேல் அந்த வளைவு தாங்காது.

மேட்டை வெட்டச் சொன்னேன். அதன்மேல் டெவலப்பரின் மாதிரி வீடு இருக்கிறது, இடம் தரமாட்டார்கள் என்றார் என் மேலாளர் ராஜன். அப்படியானால் அறுபது போர்டாவது வையுங்கள் என்றேன்.

“மெயின் ரோட்டு வீடுன்னு விளம்பரம் பண்ணிட்டு அறுபதுன்னு வச்சா எவன்மா வாங்குவான்? தொண்ணூறே போடு லா. ஓட்டுறவன் பாத்து ஓட்டிக்குவான்.”

அந்த வரைபடத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. வேறொருவர் போட்டார். என்னைச் சிலிம் ரிவர் வேலைக்கு மாற்றினார்கள்.

சாலை திறந்து சில மாதங்கள்தான். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வந்த தேவி, வளைவைத் தாண்டி வீட்டுப் பக்கம் திரும்பக் காத்து நின்றாள். பின்னால் வந்த லோரி மோதியது. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். லோரி ஓட்டிய முருகையா மேல் வழக்குப் போட்டார்கள். ஓட்டுநரின் கவனக்குறைவு என்று ராஜன் ஆபிசில் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். நேரே முருகையாவைத் தேடிப் போனேன்.

“அக்கா, போர்டுல தொண்ணூறு இருக்கு. நான் எண்பதுலதான் வந்தேன். வளைஞ்சதும் அந்தப் புள்ள நிக்குது. மிதிச்சேன். லோரி நிக்கல.”

கோர்ட்டில் அவருக்காகச் சாட்சி சொன்னேன். எந்த வேகத்துக்கு எவ்வளவு தூரம் வேண்டும், அங்கே எவ்வளவு தெரியும் என்று விளக்கினேன். முருகையா விடுதலையானார். எனக்கு வேலை போனது.

தேவியைப் பார்க்கப் போனபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“மேடு மறைக்கிறது அவங்களுக்கு முன்னயே தெரியுமாக்கா?”

தெரியும் என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தீர்ப்புக்குப் பிறகு மேட்டை வெட்டினார்கள். தரவே முடியாது என்ற இடத்தைத் தந்தார்கள். மாதிரி வீட்டை இடித்து மண்ணை அள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சாலையின் வேகத்தை மேலாளரோ டெவலப்பரோ முடிவு செய்வதில்லை. வளைவும் சரிவும் கண்ணுக்குத் தெரியும் தூரமும்தான் முடிவு செய்கின்றன. அதற்கு மேல் எழுதச் சொல்கிறவரிடம், அங்கே உங்கள் மகளை நிற்கவைப்பீர்களா என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.