கால்வெஸ்டன் வீட்டில் கேட்ட ஒரு சொல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருஷம் தயங்கினேன். பேய்க்கதை விடுகிறாள் என்பார்களே என்ற பயம். எட்டாவது வரை படித்தவள் நான். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். முருகன் சாட்சி.

1997 டிசம்பர் 27, சனிக்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்கு ஹூஸ்டனில் மகள் சுமதி வீட்டிலிருந்து காரில் புறப்பட்டோம். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஹில்கிராஃப்ட் தெருக் கடையில் இரண்டு டாலருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். கால்வெஸ்டன் தீவு ஐம்பது மைல். அங்கே சுமதியின் ஆபீஸ் தோழி, டெலோரிஸ் என்ற கறுப்பின அம்மாள், அழைத்திருந்தார். ஆப்பிரிக்க முன்னோரை நினைத்து அவர்கள் ஏழு நாள் கொண்டாடும் குவான்ஸாவில் அன்று இரண்டாம் நாள்.

ஃப்ரீவேயில் சுமதி சொன்னாள்: "அம்மா, திங்கக்கிழமை உன் கிரீன் கார்டு ஃபைல் பண்றேன். கையெழுத்துப் போடு. கரூர் வீட்டை வித்துடலாம்."

அவள் அப்பா போய் எட்டு மாதம். தனியாக இருந்தாலும் அந்த வீட்டிலேயே இருக்கத்தான் எனக்கு ஆசை. வாய் வரவில்லை. "ம்" என்றேன்.

மூன்றேகால் மணி. கடல்மேல் பாலத்தில் ஏறியதும் பட்டப்பகலில் மூடுபனி. முன்னால் போன கார் கரைந்துபோனது. கீழே தண்ணீரும் தெரியவில்லை, மேலே வானமும் தெரியவில்லை.

வீட்டில் பாயின்மேல் மக்காச்சோளக் கதிர்கள், ஏழு மெழுகுவர்த்திகள். இரண்டு மட்டும் எரிந்தன. பன்னிரண்டு பேர் இருந்தார்கள். என் பக்கத்து நாற்காலி காலி. அதில் உட்காரப் போன சுமதியை டெலோரிஸ் தடுத்தார்.

"இன்னும் யாரு கண்ணு வரோணும்?"

"செத்தவங்களுக்காம்மா."

அன்றைய நாளுக்குக் குஜிசகுலியா என்று பெயர். "தன் பேரைத் தானே வச்சுக்கறது, தனக்காகத் தானே பேசறதாம்" என்றாள் சுமதி.

மரக் கோப்பை கைமாறி வந்தது. ஒவ்வொருவரும் தம் வீட்டில் இறந்தவரின் பெயரைச் சொல்லிச் செடித்தொட்டியில் தண்ணீர் விட, எல்லோரும் "ஆஷே" என்றார்கள். அப்படியே ஆகட்டும் என்பது போல. எள் இல்லாத தர்ப்பணம். எங்களில் பெண்கள் அதைச் செய்வதில்லை. ஆனாலும் கோப்பை என் கைக்கு வந்துவிட்டது.

"சுமதி அப்பா" என்றேன்.

டெலோரிஸின் தாயார் இல்லையென்று தலையை ஆட்டினார். "அது பொண்ணு பேராச்சேங்கறாங்க. பேங்குல கேட்டா எழுதிக் காட்டுவே, இங்க பேப்பர் இல்ல. சொல்லும்மா" என்று சிரித்தாள் சுமதி.

முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. ஹூஸ்டன் ஆஸ்பத்திரியில் அதையே என் கடைசிப் பெயராக்கிக் கூப்பிட்டபோது, யாரையோ என்று உட்கார்ந்திருந்தவள் நான். கண்ணை மூடித் தண்ணீரை விட்டேன்.

"வேலுச்சாமி."

ஆஷே வரவில்லை. அதற்கு முன்பே பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல், சாவகாசமாக: "சொல்லு."

கண்ணைத் திறந்தேன். நாற்காலி காலி. சுடர்கூட அசையவில்லை. சுமதியின் முகம் வெளுத்திருந்தது. டெலோரிஸ் அவளிடம் ஏதோ கேட்டார்.

"அம்மா... 'சொல்லு'ன்னா என்ன அர்த்தம்னு கேக்கறாங்க."

எங்கள் இருவரைத் தவிர அங்கே தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. "ஏங்க" என்று நான் கூப்பிட்டால் அவர் தரும் பதில் அதுதான்.

சொன்னேன். அத்தனை பேர் முன்னாலும்.

"கையெழுத்துப் போட மாட்டேன், சுமதி. வீட்டை விக்கக் கூடாது. நான் கரூருக்குப் போறேன்."

சுமதி அழுதுகொண்டே தலையசைத்தாள். ஒரு வார்த்தையும் புரியாத அந்தப் பன்னிரண்டு பேரும் "ஆஷே" என்றார்கள்.

இப்போது கரூர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எத்தனையோ முறை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், பதில் இல்லை. இதைப் படித்தவர்கள் யாரிடம் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். விளக்கு அணைந்தது, உருவம் தெரிந்தது என்றெல்லாம் சேர்க்க வேண்டாம். கேட்டது ஒரே சொல். அதைக் குறைக்கவும் வேண்டாம்.