வேண்டாம் என்பதை வாயால் சொன்ன ஜெரால்டு தம்பி

காலையில் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தபோது மெர்சியின் போன் வந்தது. "அக்கா, அவரு போய்ட்டாருக்கா. தூக்கத்துலயே." முருகா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அவளே கேட்டாள். "ஞாயித்துக்கிழமை படகுக்கு புக் பண்ணவங்களுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டுடலாமாக்கா?"

மெர்சியின் கணவர் ஜெரால்டு தம்பியின் படகில் போய்க் கடலுக்கடியில் மீன் பார்த்து வந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். நீங்கள் இணையத்தில் இடம் பதிவு செய்ததும், கோவிலம்பாக்கம் மாடி அலுவலகத்திலிருந்து போன் போட்டு, காது வலி உண்டா, சளி உண்டா, வீட்டில் சொன்னீர்களா என்று நச்சரித்த அம்மா நான்தான். அந்தப் பதிவுத் திரையைத் தம்பியே உட்கார்ந்து செய்தார்.

எனக்கு அதைப் பழக்கிய புதிதில், அமாவாசைகளில் யாரும் பதிய முடியாதபடி மூடிவைத்துவிட்டேன். அன்றைக்குப் போய்க் கடலில் இறங்கலாமா? விஷயம் தெரிந்ததும் தம்பி சிரித்தார். "நீங்க சாமிக்குப் பயந்து மூடறீங்க, நான் நீரோட்டத்துக்குப் பயப்படறேன். அப்போ பௌர்ணமியையும் மூடிடுங்கக்கா, அன்னிக்கும் இழுக்கும்."

"பௌர்ணமி நல்ல நாள் தம்பி!"

"மீனுக்குத்தான் நல்ல நாள்."

ஒருமுறை பெரும்பாக்கத்துக்காரர் ஒருவர் கல்யாண நாளுக்காக மனைவியோடு பதிவு செய்திருந்தார். சளி இல்லை என்று குறித்திருந்தார். போனில் பேசினால் மூக்கடைத்த குரல். அதோடு ஆழத்துக்குப் போனால் காதுச் சவ்வே கிழிந்துவிடும். திரையில் 'ரத்து' என்று ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் செய்தி தானாகப் போய்விடும். கையை வைக்கப்போனேன். தம்பி தடுத்தார்.

"வான்னு சொல்றத மெஷின் சொல்லட்டும். வேணாம்னு சொல்றத நாமதான்க்கா வாயால சொல்லணும்."

அவரே போன் செய்தார். அந்த மனிதர் கத்தியது எனக்கே கேட்டது. தம்பி குரலை உயர்த்தவில்லை. "மொதல்ல மூக்கு சரியாவட்டும் சார், கடல் எங்க போவப்போவுது? அதுவரைக்கும் வூட்டம்மாவ சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போங்க." கடைசியில் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

அதனால்தான் மெர்சியிடம், "மெசேஜ் வேணாம்மா, நான் பேசறேன்" என்றேன். ஒவ்வொருவராக அழைத்தேன். கடைசியாக ஒரு பெண். "ஆன்ட்டி, சளி இல்ல, காது வலி இல்ல, வீட்டுலயும் சொல்லிட்டேன்" என்று சந்தோஷமாக ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பேச்சை நிறுத்தினாள். "அழாதீங்க ஆன்ட்டி. மெதுவா சொல்லுங்க."

தம்பி போய்விட்டார் என்று சொன்னேன்.

"உங்க சொந்தத் தம்பியா ஆன்ட்டி?"

"ஆமாம்மா" என்றேன். அவருடைய ஆண்டவரும் என் முருகனும் அதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள். அவரிடமிருந்து எனக்குத் தங்கியது அந்த உறவுதான்.