இரண்டு பேருக்கு ஒரு கணினி

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அந்தப் பயிற்சி மையம் இருந்தது. கட்டட வரைபடங்களைக் கணினியில் வரையக் கற்றுக்கொடுப்பார்கள். சிவில் டிப்ளமோ முடித்து, கல்யாணமாகி, மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிறகுதான் நான் அங்கே போனேன். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. மற்ற எல்லாரும் அந்த வருடம்தான் படிப்பை முடித்தவர்கள்.

வகுப்பில் எட்டுப் பேர், கணினிகள் ஏழு. கடைசியாக வரும் இருவர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தினமும் கடைசியாக வந்தது நானும், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து வந்த இன்னொரு பெண்ணும்தான். எங்கள் இருவருக்கும் ஒரே பஸ். அவள் மலையில் ஏறி வருவாள், நான் வடக்கனந்தலில் ஏறுவேன். மழை பெய்தால் அந்த பஸ் வளைவுகளில் ஊர்ந்து வந்து சேர அரைமணி நேரம் கூடுதலாகும். இருபது வயதுதான் அவளுக்கு. மடியில் பையை வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள்.

மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படக்குறி உண்டு. சார் அதைத் தொட விடமாட்டார். அவரும் என்னைவிடப் பெரியவரில்லை, என் வயதுதான் இருக்கும்.

"படத்த தேடிகினு இருந்தீங்கன்னா ஒரு செவுரு போடுறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்ங்க. இடது கை எழுத்த அடிக்கணும், வலது கை மவுசப் புடிக்கணும். ரெண்டும் ஒண்ணா ஓடணும்," என்பார்.

கோடு போட 'எல்' அடித்தால் போதும். ஒரு கோட்டுக்கு இணையாகக் குறிப்பிட்ட தூரத்தில் இன்னொன்று வேண்டுமென்றால் 'ஓ'. முட்டிக்கொண்டு நீட்டியிருப்பதை வெட்ட 'டி.ஆர்' அடிக்க வேண்டும். வரைந்ததெல்லாம் திரையிலிருந்து எங்கோ ஓடிப்போய்விட்டால் 'இசட்', பிறகு 'இ'. ஓடிப்போன வீடு மொத்தமும் திரும்ப நடுவில் வந்து நிற்கும். முதல்முறை அப்படி வந்து நின்றபோது நான் வாய்விட்டே "அப்பாடா" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

ஒரு நாற்காலியில் அவள், பக்கத்து நாற்காலியில் நான். எனக்கு விசைப்பலகையைப் பார்த்தாலே கண் இருட்டும். அவளுக்கு மவுஸ் பிடித்தால் கை நடுங்கும், அம்புக்குறி கோட்டைத் தாண்டிக் குதித்துவிடும். இதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. முதல் வாரத்திலேயே விசைப்பலகை அவள் பக்கமும் மவுஸ் என் பக்கமும் நகர்ந்துவிட்டன.

"ஓ, ஒம்போது," என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் விரல் அடித்திருக்கும். நான் கோட்டைத் தொடுவேன், ஒன்பது அங்குலச் சுவர் எழும்பும். கொஞ்ச நாளில் சொல்லவும் தேவைப்படவில்லை. என் கை போகும் திசையைப் பார்த்தே அடுத்த எழுத்தை அடித்தாள். மற்றவர்கள் இரண்டு மணி நேரம் வரைந்த வீட்டை நாங்கள் முக்கால் மணி நேரத்தில் முடித்தோம். மிச்ச நேரத்தில் அவள் மலையைப் பற்றிச் சொல்வாள், சாமைக் கொல்லையில் கிளி விரட்டிய கதையெல்லாம். நான் என் மகன் பள்ளிக்கூடத்தில் செய்த சேட்டையைச் சொல்வேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சிரித்த மூன்று மாதம் வேறில்லை.

பிறகு தேர்வு வந்தது. தேர்வுக்கு மட்டும் எங்கிருந்தோ எட்டாவது கணினி ஒன்று கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள், என்னைக் கதவோரம்.

இருபதுக்கு முப்பதில் ஒரு சின்ன வீடு. கண்ணை மூடினாலும் வரைவேன் என்று நினைத்துக்கொண்டு மவுசைப் பிடித்தேன். 'எல்' எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் குனிந்து தேடினேன். தேடி நிமிர்ந்தால் எந்தக் கோட்டில் இருந்தேன் என்பது மறந்திருக்கும். ஜன்னல் பக்கம் படபடவென்று இரண்டு எழுத்து விழும், அப்புறம் வெகுநேரம் சத்தமே இருக்காது. அவள் கோட்டின் முனையைப் பிடிக்கப் போராடிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அங்கிருந்தே அவளுக்கு முனையைப் பிடித்துக் கொடுக்க முடியாதா என்றிருந்தது.

நேரம் முடிந்தபோது என் வீட்டுக்குச் சுவர் இருந்தது, கதவு இல்லை. அவள் வீட்டுக்குச் சுவர்களே மூலையில் சேரவில்லை. சார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாங்க இது? இவ்ளோ நாளா ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளா இருந்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் அழுதாள். ஒரு இன்ஜினியர் அலுவலகத்தில் இந்தச் சான்றிதழைக் கொண்டுவந்தால் வேலை என்று சொல்லியிருந்தார்களாம்.

"வூட்ல இன்னாக்கா சொல்றது? பாஸ் பண்ணிடுவேன்னு எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு."

"எங்கூட்டுக்காரரும் காத்துக்கினுதான் இருப்பாரு. மூணு வாரத்துல மறுபடியும் பரீட்ச வைக்கிறாங்கல்ல, இன்னும் மூணு வாரம் ஆவும்னு சொல்லு. நானும் அதத்தான் சொல்லப்போறேன்," என்றேன்.

மறுநாள் இடத்தை மாற்றிக்கொண்டோம். ஐந்து நிமிடத்தில் முடித்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவள் என்னைத் திட்டினாள்: "அக்கா, கைய பாக்காதீங்க, திரைய பாருங்க!" நான் அவளைத் திட்டினேன்: "இன்னாத்துக்கு இப்டி அழுத்திப் புடிக்கிற? அது ஓடிடாது!" ஒருநாள் இரண்டு பேரும் பேசாமலேயே பஸ் ஏறினோம். வடக்கனந்தலில் நான் இறங்கும்போதுதான், "நாளைக்கு எடம் புடிச்சி வைக்கிறேன்," என்றாள்.

நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் விசைப்பலகையை வரைந்து சமையல் மேடையில் ஒட்டினேன். சோறு கொதிக்கிற நேரத்தில் இடது கையால் அதைத் தட்டிப் பழகினேன். அவள் வீட்டிலும் கணினி கிடையாது. சிமென்ட் தரையில் சாக்பீஸால் கோடுகள் இழுத்து, காலி சோப்பு டப்பாவை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நகர்த்தினாளாம். அவள் அம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "தரைய தேய்க்கிறதுன்னா தண்ணி ஊத்தித் தேயேன்டி," என்று சொன்னதை அவள் நடித்துக் காட்டியபோது கண்டக்டரும் சேர்ந்து சிரித்தார்.

இரண்டாவது தேர்வில் இருவரும் தேறினோம். கடைசி மதிப்பெண் எனக்கு, அதற்கு முந்தியது அவளுக்கு. அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. நானும் சில மாதங்களில் வேறொரு அலுவலகத்தில் சேர்ந்தேன். இன்றுவரை அந்த வேலைதான் பார்க்கிறேன். மணலூர்பேட்டை வரைக்கும் நான் வரைந்த வீடுகள் நிற்கின்றன. பயிற்சி மையம் இருந்த மாடியில் இப்போது செல்போன் பழுதுபார்க்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒருமுறை மேலே பார்ப்பேன்.

அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய், பாலங்கள் வரையும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். போன வருடம் கூப்பிட்டாள். மலையில் அப்பா அம்மாவுக்கு வீடு கட்ட வேண்டும், நான்தான் வரைந்து தர வேண்டுமாம்.

"நீயே வரையலாமே?"

"எங்க வூட்ட நானே வரைஞ்சா டெய்லி மாத்திகினே இருப்பேங்க்கா. நீங்கன்னா முடிச்சிடுவீங்க."

இரண்டு அறை, ஒரு சமையலறை, சாமை மூட்டை அடுக்க ஈரம் ஏறாத உயரமான ஓர் இடம். ஒரு மாலையில் வரைந்து அனுப்பினேன். தை மாதம் புதுமனை புகுவிழாவுக்குக் கணவரோடும் மகனோடும் போனேன். சமையலறையில் நின்றதும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஜன்னல் நான் வைத்த இடத்தில் இல்லை, இரண்டடி தள்ளியிருந்தது.

"கொத்தனார் நவுத்திட்டாருக்கா," என்றாள், தட்டில் கேசரியோடு வந்து. "எங்கம்மாதான் சொல்லியிருக்கு. அடுப்பாண்ட நின்னா பஸ் வர்றது தெரியணுமாம்."

நான் அடுப்பருகே போய் நின்று பார்த்தேன். கீழே ரோடு தெரிந்தது.